கன்னியாவின் ஏழு கிணறும் கன்னுபிக் குன்றும்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் அடிக்கிறது, மத்தியானத்தில் உப்புவெளி மணலில் கால் வைக்கேலாது. இந்த வெக்கைக்குள்தான் நீ பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு வைன் கொண்டுவரப்போகிறாய், அதுவும் லேபிளில் கன்னுபி என்று தோட்டத்தின் பெயர் போட்டது. கட்டாயம் கொண்டு வா.

ஒரே தோட்டத்து வைனில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டிருந்தாய். கன்னியா வெந்நீரூற்றை நினைத்துப்பார். ஒரு மதிலுக்குள் ஏழு கிணறு, வாளியில் அள்ளி ஊற்றினால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இத்தாலியின் வடமேற்கில், பியமொன்தேயின் லாங்கே குன்றுகளும் அப்படித்தான். பரோலோ முழுக்க நெபியோலோ என்ற ஒரே இனத் திராட்சை, ஆனால் சரிவுக்குச் சரிவு சுவை மாறும். 2010இல் அந்தச் சரிவுகளுக்குச் சட்டப்படி எல்லை வகுத்துப் பெயர் கொடுத்தார்கள். கன்னுபியின் பெயரோ அதற்கு வெகு முந்தியது: 1752 என்று ஆண்டு எழுதிய கன்னுபிப் போத்தல் ஒன்று இன்னும் இருக்கிறது.

கன்னுபி என்பது பரோலோ கிராமத்துக்குப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் சிறு குன்று. அயல் கிராமங்களில் லா மொர்ரா பக்கத்துச் சாம்பல்நீலச் சுண்ணக் களியும், செரலுங்கா பக்கத்து இன்னும் பழைய மணற்பாறை மண்ணும் அங்கேதான் சந்திக்கின்றன. செரலுங்கா வைன் இளமையில் முரடாக இருக்கும். கன்னுபியில் மண் மணல் கலந்தது, அதனால் வாசம் முந்தி வரும், துவர்ப்பு நைசாக இருக்கும். என் கணக்கில் பரோலோவிலேயே நளினமானது அதுதான். ஒன்றை மறந்துவிடாதே: அந்தக் குன்றில் பலருக்குப் பங்கு உண்டு. தோட்டத்தின் பெயரோடு செய்தவரின் பெயரையும் பார்.

நெபியோலோ முந்தித் தளிர்த்துப் பிந்திப் பழுக்கும் கொடி. அறுவடை பெரும்பாலும் ஒக்டோபரில். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால்தான் புளிப்புக் குறையாமல் பழம் முற்றுகிறது. யாழ்ப்பாணத்துப் பந்தலில் கொடிக்கு உறக்கமே இல்லை, கத்தரித்தால் மறுபடி காய்க்கும். அந்த அவசரத்தில் இந்தச் சுவை வராது. பரோலோவை, அறுத்த ஆண்டின் நவம்பர் 1இலிருந்து குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில்.

ஊற்றினால் நிறம் மெலிந்திருக்கும், ஓரம் செங்கல் நிறம். தண்ணி கலந்ததென்று நினைக்காதே. வாயில் வைத்ததும் நாவற்பழம் தின்ற நாக்குப்போல இழுக்கும். மணத்தில் காய்ந்த ரோசாவும் தாரும்.

இனிக் கவனமான இடம். கட்டுநாயக்காவிலிருந்து இங்கே வர ஐந்தாறு மணித்தியாலம். போத்தலை டிக்கியில் போடாதே, ஏசி இருக்கும் இடத்தில் உன் காலடியில் வை. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். தக்கை மேலெழும்பி, கழுத்துப் பிசுபிசுத்தால் கசிந்திருக்கிறது. அதன் பிறகு காய்ச்சிய ஜாம் மணம்தான் மிஞ்சும். ஈரச் சாக்கு மணம் வந்தால் வெயிலைக் குறை சொல்லாதே, அது தக்கையின் பழுது, திருத்த வழியில்லை.

வந்ததும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் நிமிர்த்தி வை, மண்டி அடியில் இறங்கும். இளம் ஆண்டு என்றால் கண்ணாடிச் சாடிக்கு மாற்றி இரண்டு மணித்தியாலம் காற்றாட விடவேண்டும். ஆனால் நமது கூடத்தில் 30 பாகை. அதனால் சாடியை மூடாமல், மீன் மணம் இல்லாத பிரிட்ஜுக்குள்ளேயே வை. குடிக்க முந்தி வெளியே எடுத்து 15 பாகைக்கு ஏறவிடு. 15 பாகையில் ஊற்றினால் கிளாசில் தானாக 18க்கு ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. இருபது வருடம் தாண்டியது என்றால் காற்றாட விடவேண்டாம், மண்டி கலங்காமல் மெல்லச் சாய்த்து, அடியில் இரண்டு விரல் விட்டுவிடு.

நண்டுக்கறி வேண்டாம் மச்சான், அறக்குளாவும் வேண்டாம். சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் வெடுக்கு ஏறும். ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்விப்போம், மிளகாய் பாதி, மிகுதிக்கு மிளகு. இறைச்சியின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். மிளகாய் கூடினால் மதுசாரம் நாக்கை எரிக்கும்.

லேபிளில் உள்ள ஆண்டையும் செய்தவரின் பெயரையும் அடுத்த கடிதத்தில் எழுது. சாடிக்கு மாற்றுவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்