ஐஸ் கட்டிக்கு ஸ்வெட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. இங்கே சிங்கப்பூரில், நம் ஈசூன் பக்கம் மூன்று நாளாக விடாத மழை.

போன ஞாயிறு வீடியோவில் உன் அண்ணன் மகளிடம் “இதுகூடத் தெரியாதா?” என்று சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் பாய்ந்துவிடுவாய். தொடக்கநிலை 4 அறிவியலில் அவளுக்கு இப்போது வெப்பம் நடக்கிறது. கம்பளியில் சுற்றிய ஐஸ் சீக்கிரம் கரையும் என்றாள், நீ சிரித்தாய். புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போனவள் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் நானும் அவளும் செய்து பார்த்தோம். ஒரே அளவில் இரண்டு கட்டி, இரண்டும் பிளாஸ்டிக் பையில். ஒன்றைச் சும்மா தட்டில் வைத்தோம். மற்றதை உன் பழைய ஸ்வெட்டரில் (கோபிக்காதே) சுருட்டினோம்.

ஒன்று சொல்கிறேன், அண்ணனிடம் சொல்லாதே. 31 வருஷம் ஏர்கான் வேலை பார்த்தவன், சுருட்டும்போது ‘ஐயோ, கரைந்துவிடுமே’ என்று என் கை தயங்கியது. சின்ன வயதில் கடையில் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து, மேலே சாக்குப் போட்டிருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அப்படியும் கை கேட்கவில்லை.

முக்கால் மணி கழித்துப் பிரித்தோம். தட்டில் இருந்தது பாதிக்கு மேல் தண்ணீர், ஸ்வெட்டருக்குள் இருந்தது கெட்டியாக. அவளுக்குச் சந்தோஷமில்லை. “ஆனா தாத்தா, ஸ்வெட்டர் போட்டா எனக்குச் சூடா இருக்கே?” என்றாள். நியாயம்தானே? அவள் உடம்பு பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சூடு ஸ்வெட்டரில் இல்லையம்மா, உன்னிடம் இருக்கிறது, ஸ்வெட்டர் அதை வெளியே விடாமல் பிடிக்கிறது, ஐஸுக்கு வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று புரியவைக்க எனக்கு அரை மணி ஆனது.

வேலைக்குப் போன வீடுகளிலும் இதே கதை. சீக்கிரம் குளிரட்டும் என்று ஏர்கானை 16 டிகிரியில் வைப்பார்கள். அந்தக் காலத்து மெஷின் 16-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், எங்கே நிற்கும் என்பதுதான் வேறு. குழாயை அதிகம் திறந்தால் தண்ணீர் அதிகம் வரும் என்கிற பழக்கம். எஞ்சினியர் வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

நூலகத்தில் ஒன்று படித்தேன். ஆண்ட்ரூ ஷ்டுல்மன் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களிடம் வாக்கியங்களைக் காட்டிச் சரியா தவறா என்று கேட்டிருக்கிறார்கள். மனசுக்குத் தோன்றுவதும் அறிவியலும் ஒத்துப்போன இடத்தில் சட்டென்று பதில். இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் தாமதம், தப்பும் கூட. படித்தது பழையதை அழிப்பதில்லையாம், அமுக்கி மட்டும் வைக்கிறதாம். என் கை தயங்கியது அப்போதுதான் விளங்கியது.

இந்தச் சிரிப்பு உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். உனக்கு ஒன்பது வயதில், அம்மா வேலை விட்டு வரும்போது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டாய். விசிறி காற்றைக் குளிராக்காது, வியர்வையைத்தான் காயவைக்கும் என்று சொல்லியிருக்கலாம். கரண்ட் பில்லைக் காட்டிக் கேலி செய்தேன். அப்புறம் அறிவியலில் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நீ பாடம் நடத்தும் வகுப்புக்கு ஒன்று. கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், சூரியன் கிட்டே இருப்பதால் என்று எவனாவது சொல்வான். ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு ஆகக் கிட்டே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. ஜனவரியில் கோடை வரும் உன் மெல்பர்னில் அந்தத் தப்புப் பதில் கச்சிதமாகப் பொருந்துகிறது, பார்! ஜனவரியில் நடுங்கும் லண்டன் பையனிடம் அது செல்லாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நமக்குக் கோடையும் குளிர்காலமும் கேள்விப்பட்டவைதான். அவனைத் திருத்துமுன், எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டுப் பார்.

வரும் ஞாயிறு அலுமினியத் தாளுக்கும் ஸ்வெட்டருக்கும் போட்டி. அம்மா தாள் பக்கம், சின்னவள் ஸ்வெட்டர் பக்கம். அத்தை எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா