‘அதிசயம்’ என்ற தலைப்போடு நான்கு எண்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் ஏதாவது ஒரு சின்னக் கல்லூரி பெரிய அணியை வீழ்த்தும். மறுநாள் நம் விளையாட்டுப் பக்கங்களில் ‘அதிசயம்’ என்றோ ‘மாயாஜாலம்’ என்றோ தலைப்பிட்டு நான்கு வரிச் செய்தி வரும். வென்றவர் யார், தோற்றவர் யார், புள்ளிகள் எத்தனை, அவ்வளவுதான். ஆட்டம் எங்கே கைமாறியது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இருக்காது. இந்தத் தோல்விகளுக்குக் காரணம் உண்டு. அது ஸ்கோர் ஷீட்டிலேயே இருக்கிறது. வீச்சுத் துல்லியம், பறிகொடுத்த பந்துகள், ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற வீச்சு) என்று கூடுதலாக நான்கு எண்களை அச்சிட்டால் வாசகரே அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதைக் கேட்கத்தான் இக்கடிதம்.

போட்டியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985 முதல் ஆண்கள் பிரிவில் 64 அணிகள் நான்கு வட்டாரங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. 2011 முதல் மொத்தம் 68 அணிகள். கூடுதலானவர்கள் டேட்டன் நகரில் ஒரு தகுதி ஆட்டம் ஆடிவிட்டு உள்ளே வருவார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1ஆம் இடத்தவர் 16ஆம் இடத்தவரையும், 2ஆம் இடத்தவர் 15ஆம் இடத்தவரையும் சந்திப்பார்கள். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் பிளேஆஃப் போல ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. 2025 வரை இந்த இரு வகையிலும் தலா 160 ஆட்டங்கள் நடந்தன. அவற்றில் 16ஆம் இடத்தவர் வென்றது இரண்டே முறை. 15ஆம் இடத்தவர் வென்றது 11 முறை.

அந்த இரண்டில் முதலாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2018 மார்ச் 16, சார்லட் நகரம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாக அணி, போட்டியிலேயே முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை 74–54 என்று தோற்கடித்தது. இடைவேளையில் 21–21. இரண்டாம் பாதியில் மட்டும் 53–33. பால்டிமோர் அணி 24 மூன்று புள்ளி வீச்சுகளில் 12ஐப் போட்டது. வர்ஜீனியா 22இல் 4ஐப் போட்டது. அதாவது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் 36–12. அந்த வித்தியாசம் 24. ஆட்டத்தின் வித்தியாசம் 20. மற்ற எல்லா வழியிலும் வந்த புள்ளிகளைக் கூட்டினால் வர்ஜீனியாதான் 42–38 என்று முன்னிலை. இந்த ஒரு வரி செய்தியில் இருந்திருந்தால் ‘அதிசயம்’ என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

இது எவ்வளவு அபூர்வம் என்பதையும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக மூன்றுக்கு ஒன்று போடும் அணி 24 முறை எறிந்தால் எதிர்பார்ப்பு 8. ஆனால் 12 அல்லது அதற்கு மேல் விழ ஏறத்தாழ 7 சதவீத வாய்ப்பு உண்டு. அதே திறனுள்ள அணி 22 முறை எறிந்து 4 அல்லது அதற்குக் குறைவாகப் போட சுமார் 10 சதவீதம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒரு சீசனில் சாதாரணமாக நடக்கக்கூடியவை. இரண்டும் ஒரே இரவில் வந்து சேர்வது சுமார் 150இல் ஒன்று. (ஒவ்வொரு வீச்சும் தனித்தனி நிகழ்வு என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. உண்மையில் தடுப்பாட்டத்தின் நெருக்கடியும் பதற்றமும் இதை மாற்றும்.)

வர்ஜீனியாவின் பக்கத்தில் இன்னும் இரண்டு பலவீனங்கள். அதன் வீரர் டியான்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார். அணியின் ஆட்டமுறையோ நாட்டிலேயே மிக மெதுவானது. பலரும் கவனிக்காத இடம் இந்த இரண்டாவதுதான். பந்து ஓர் அணியின் கையில் வந்து போகும் ஒவ்வொரு முறையையும் ஒரு பொசெஷன் என்று கணக்கிடுகிறார்கள். வலுவான அணி ஒரு பொசெஷனுக்கு 0.1 புள்ளி மேலானது என்று வைத்துக்கொண்டால், 60 பொசெஷன் ஆட்டத்தில் அதன் நியாயமான முன்னிலை 6 புள்ளி. 75 பொசெஷனில் 7.5. முன்னிலை 25 சதவீதம் கூடுகிறது. தற்செயலான ஏற்ற இறக்கமோ பொசெஷன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படிதான் வளரும். அது 12 சதவீதமே கூடும். ஆகவே ஆட்டம் நீள நீளத் திறமை மேலே வரும். குறுகினால் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். சின்ன அணி மெதுவாக ஆடுவதில் அர்த்தம் இருக்கிறது. 1996இல் பிரின்ஸ்டன் நடப்பு சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை 43–41 என்று வென்றது அப்படித்தான். பெரிய அணியே மெதுவாக ஆடினால் தன் சாதகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வர்ஜீனியா அதே பாணியோடு 2019இல் பட்டமும் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். பாணி தவறென்று ஆகிவிடாது, அதற்கு ஒரு விலை உண்டு.

பொசெஷன் எண்ணிக்கையை எந்த ஸ்கோர் ஷீட்டிலிருந்தும் எடுக்கலாம். மொத்த வீச்சுகளிலிருந்து, தான் தவறவிட்டதைத் தானே பிடித்த ரீபவுண்டுகளைக் கழிக்க வேண்டும். பறிகொடுத்த பந்துகளை, அதாவது டர்ன்ஓவர்களைக் கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளை 0.475ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக 55 வீச்சு, 8 ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 55 – 8 + 12 + 9.5 = 68.5. ஃப்ரீ த்ரோவை முழுதாகக் கூட்டுவதுதான் வழக்கமான பிழை. ஒரே ஃபவுலுக்கு இரண்டு வீச்சு கிடைப்பதால் ஏறக்குறைய பாதியாக்க வேண்டும். இரண்டு அணிக்கும் தனித்தனியே போட்டால் விடை ஒன்றிரண்டுக்குள் ஒத்துவர வேண்டும். வரவில்லையென்றால் தான் தவறவிட்டதைப் பிடித்த ரீபவுண்டையும் எதிரணி தவறவிட்டதைப் பிடித்த ரீபவுண்டையும் கலந்துவிட்டீர்கள்.

இதைப் பற்றி அண்மையில் படித்தவற்றில் அடித்தளமானது டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட நூல். ஓர் ஆட்டத்தைத் தீர்மானிப்பவை நான்கு என்று அவர் வகுத்தார்: வீச்சுத் துல்லியம், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் தந்த எடைகள் முறையே சுமார் 40, 25, 20, 15 சதவீதம். நான் கேட்கும் நான்கு எண்களும் இவைதான். துல்லியத்தைக் கணக்கிடும்போது விழுந்த மூன்று புள்ளி வீச்சை ஒன்றரை மடங்காக எண்ண வேண்டும். வெறும் சதவீதம் ஏமாற்றும்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1985 இறுதியாட்டத்தைப் பாருங்கள். 8ஆம் இடத்து வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66–64 என்று வென்றது. அப்போது அந்தப் போட்டியில் ஷாட் கிளாக்கும் (இத்தனை வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற கெடு) இல்லை, மூன்று புள்ளிக் கோடும் இல்லை. வில்லனோவா மொத்தமே 28 முறைதான் எறிந்தது, 22 விழுந்தன. ஜார்ஜ்டவுன் 53 முறை எறிந்து 29ஐப் போட்டது. ஃப்ரீ த்ரோவில் வில்லனோவா 27க்கு 22, ஜார்ஜ்டவுன் 8க்கு 6. பொறுமையாக நல்ல இடம் கிடைக்கும்வரை பந்தைக் கைமாற்றியதும், ஃபவுல் வாங்கிக் கோட்டில் நின்றதும் அந்த நான்கு எண்களில் அப்படியே தெரிகின்றன. அதற்கடுத்த சீசனிலேயே 45 வினாடி ஷாட் கிளாக் வந்தது. இன்று 30 வினாடி. இன்றைய சின்ன அணிக்கு அந்த வழி பெரிதும் அடைபட்டுவிட்டது.

2023இல் பர்டூவை 63–58 என்று வீழ்த்திய ஃபேர்லி டிக்கின்சன் வேறு வழியில் போனது. முதல் பிரிவுக் கல்லூரி அணிகளிலேயே மிகக் குட்டையான அணி அது. எதிரே 7 அடி 4 அங்குல சாக் ஈடி. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தினார்கள்; பந்து அவர் கைக்குப் போகும் பாதையையே மூடினார்கள். மைதானம் முழுக்க அழுத்தம் கொடுத்துப் பர்டூவின் முதலாண்டு கார்டுகளை, அதாவது பந்தை முன்னே கொண்டுசெல்லும் வீரர்களைத் திணறவைத்தார்கள். பர்டூ 16 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஒருவருக்கு இருவரை நிறுத்தினால் வெளியே யாரோ தனியாக நிற்பார். அந்த வீச்சுகள் விழுந்திருந்தால் திட்டம் சரிந்திருக்கும். பர்டூ 26 மூன்று புள்ளி வீச்சுகளில் 5ஐத்தான் போட்டது. மூன்றுக்கு ஒன்று என்றாலே 8 அல்லது 9 விழுந்திருக்க வேண்டும். குறைந்த புள்ளிகள் சுமார் 11, தோற்றது ஐந்தில். ஈடி 21 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்தார். அவர் சரியாக ஆடவில்லை என்று எழுதுவது அநியாயம்.

பெண்கள் போட்டியை நம் பக்கங்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை. 16ஆம் இடத்தவர் முதன்முதலில் வென்றது அங்கேதான், ஆண்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பே. 1998இல் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71–67 என்று வென்றது. ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவர் முழங்கால் காயத்தால் விலகியிருந்தார்கள். ஹார்வர்டின் ஆலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி குவித்தார். தரவரிசைக்குப் பின் வரும் காயத்தை அந்த எண் காட்டாது. அட்டவணையோடு காயப் பட்டியலையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஆண்கள் போட்டியில் 15ஆம் இடத்தவரின் 11 வெற்றிகளில் 7, 2012 முதல் வந்தவை. 2022இல் செயின்ட் பீட்டர்ஸ் கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85–79 என்று வென்று, அங்கிருந்து கடைசி எட்டு வரை போனது. மூன்று புள்ளி வீச்சுகள் பெருகியது இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2024இல் 14ஆம் இடத்து ஓக்லண்டின் ஜாக் கோல்கி கென்டக்கிக்கு எதிராக 20 முறை எறிந்தார். எல்லாமே கோட்டுக்கு வெளியிலிருந்து. 10 விழுந்தன. அப்படி ஓர் இரவு போதும்.

ஆனால் காற்று திரும்பியிருக்கக்கூடும். 2021 முதல் வீரர்கள் ஓராண்டு உட்காராமலே கல்லூரி மாறலாம். விளம்பர வருமானமும் பெறலாம். சின்னக் கல்லூரியில் மிளிர்பவரைப் பெரிய கல்லூரி அடுத்த ஆண்டே அழைத்துக்கொள்கிறது. 2025இல் பட்டம் வென்ற ஃப்ளோரிடாவின் நாயகன் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர். ஆபர்னின் ஜோனி புரூம் மோர்ஹெட் ஸ்டேட்டிலிருந்து வந்தவர். அந்த ஆண்டு கடைசி நால்வருமே 1ஆம் இடத்தவர்கள். அதற்கு முன் 2008இல் மட்டுமே அப்படி நடந்தது. ஓராண்டை வைத்து முடிவு கட்ட முடியாது. இனி சின்ன அணியின் வெற்றியைச் செய்தியாக்கும்போது அந்த வீரர்கள் அங்கே எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

நேர நெருக்கடி என்ற காரணம் இதற்குப் பொருந்தாது. முதல் சுற்று வியாழன், வெள்ளிக் கிழமைகளில் நடக்கிறது. நமக்கு இரவு ஏறக்குறைய 9.45க்குத் தொடங்கி மறுநாள் முற்பகல்வரை ஓடும். வியாழன் ஆட்டங்களின் பெரும்பகுதி வெள்ளி இதழுக்கு எப்படியும் எட்டாது. சனிக்கிழமை இதழுக்கு ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. முழு ஸ்கோர் ஷீட் ஆட்டம் முடிந்ததுமே கிடைத்துவிடும். இரண்டு அணி, நான்கு எண்கள், மேலே பொசெஷன் எண்ணிக்கை: ஒற்றைப் பத்தியில் ஐந்து வரி அட்டவணை போதும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர் ஒருவர்