2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகளுடன் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி மூன்றும் நன்றாக நடந்தன. தமிழ்ப் பள்ளியில் மழலை வகுப்புக்கு இடம் போதவில்லை, வேறு அறை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரத்தைச் சென்ற பொதுக்குழுவில் நீங்கள் அமைத்துத் தந்த காற்றுத் தூய்மைக் குழுவின் வேலைக்கே ஒதுக்குகிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் நம் சான் அன்டோனியோவில் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இவ்வளவு நேரடியாகத் தொடும் உள்ளூர் விவகாரம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நூறு கோடிப் பங்கு காற்றில், மூச்சுக்குக் கேடான ஓசோன் வாயு 70 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான ஈ.பி.ஏ. 2015இல் வைத்த வரம்பு. தினமும் எட்டு மணி நேரச் சராசரிகளில் எது அதிகமோ அதை எடுப்பார்கள். ஆண்டில் நான்காவது மோசமான நாளின் அளவை வைத்து, மூன்று ஆண்டுக்குச் சராசரி போடுவார்கள். ஆக, நம் ஊர் தேறுகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது கோடையில் வரும் சில மோசமான பிற்பகல்கள்தான். இந்த வரம்பின்படி 2018இல் நம் ஊர் அடங்கிய பெக்சார் கவுண்டி (மாவட்டம் மாதிரி) தவறிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2021 கெடுவுக்குள் சரிசெய்ய முடியாமல் 2022இல் ஒரு படி கீழே இறங்கினோம். 2024இல் இன்னொரு படி இறங்கி, 'தீவிரம்' என்ற வகைக்கு வந்திருக்கிறோம். இந்தக் கடைசி இறக்கம் மாநில ஆளுநரே கேட்டு வாங்கியது. அதனால் கிடைத்த புதிய கெடு 2027 செப்டம்பர் 24.

இங்கேதான் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. கெடு 2027 என்றாலும், அதற்குள் முழுதாக முடியும் ஓசோன் பருவங்கள் 2024, 2025, 2026 மூன்றும்தான். அதாவது 2026 கோடைதான் கடைசிப் பரீட்சை. ஆனால் நம் கவுண்டிக்கு வரப்போகிற பெரிய நடவடிக்கையான வாகனப் புகை சோதனை 2026 நவம்பர் 1ஆம் தேதிதான் தொடங்குகிறது. பரீட்சை முடிந்த பிறகு பாடம் நடத்துவது மாதிரி. சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது வருகிறது என்று சொல்லி நகராட்சியும் கவுண்டியும் இந்தக் கோடையைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பதே குழுவின் முதல் கருத்து.

நம்மவர்களில் பெரும்பாலோர் நகரின் வடமேற்கில் குடியிருக்கிறோம். தென்கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசும் நாட்களில், மின் நிலையங்கள், ஐ-35 நெடுஞ்சாலை லாரிகள், நகரத்து நெரிசல் எல்லாவற்றிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகி நம் பக்கம் வந்து சேர்கின்றன. கேம்ப் புல்லிஸிலும் மார்ஷல் உயர்நிலைப் பள்ளி அருகிலும் இருக்கும் அளவுக் கருவிகள்தான் வழக்கமாக அதிகம் காட்டுபவை. ஓசோனுக்குத் தேவையான இன்னொரு பொருளை நம் மலைப்பகுதியின் ஓக் மரங்களே தாராளமாக வெளிவிடுகின்றன. மரத்தை வெட்டவா முடியும்? புகையைத்தான் குறைக்க வேண்டும்.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாக்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் சிரமமாக இருந்தது. ஓசோன் கண்ணுக்குத் தெரியாது, தூசி கிடையாது, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். ஆகஸ்டில் மாலை ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்பிய ஒரு பெரியவரிடம், "ஐயா, இன்னிக்கு ஓசோன் எச்சரிக்கை இருக்கு, காலையில நடங்களேன்" என்று நம் குழு உறுப்பினர் சொன்னார். "காத்து இவ்வளவு சுத்தமா இருக்கே தம்பி, எங்க ஊர்ல கூட இப்படி இல்லையே" என்றார் அவர். அப்புறம் மூச்சு இழுக்கிறது என்று பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. பிற்பகலிலும் மாலையிலும்தான் ஓசோன் உச்சத்துக்குப் போகும். அன்றிலிருந்து எச்சரிக்கை நாட்களில் முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் தமிழில் செய்தி அனுப்புகிறோம்.

தமிழ்ப் பள்ளி விட்டதும் அழைத்துப்போக வரும் கார்கள் ஏசிக்காக இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்பதையும் எடுத்துக்கொண்டோம். கனரக வண்டிகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் இப்படி நிற்கக் கூடாது என்று நகராட்சி 2016இலேயே சட்டம் போட்டது. நம் கார்களுக்கு அது பொருந்தாது. ஆனால் வரிசையின் புகை நேராக வகுப்பு வாசலுக்குத்தான் போகிறது. இப்போது பெற்றோர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அழைத்துப் போகிறார்கள். விளையாட்டு விழாவையும் காலைக்கு மாற்றிவிட்டோம்.

நகரம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2002இலேயே இங்குள்ள உள்ளூர் அரசுகள் சட்டம் கட்டாயப்படுத்தும் முன் தாங்களாகவே ஓசோனைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. நகருக்குச் சொந்தமான மின் நிறுவனம் சிபிஎஸ் எனர்ஜி, டீலி நிலக்கரி மின் நிலையத்தை 2018 கடைசியில் மூடியது. ஸ்புரூஸ் நிலையத்திலும் 2028க்குள் நிலக்கரியை விட்டுவிட 2023 ஜனவரியில் சிபிஎஸ் நிர்வாகக் குழு வாக்களித்தது. இது பெரிய முடிவு, சொன்ன தேதியில் நடக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாறாக, வெளிநாடுகளிலிருந்து வரும் மாசைக் கழித்தால் நாங்கள் தேறிவிட்டோம் என்று மாநிலம் வாதாடியதை ஈ.பி.ஏ. 2022இல் ஏற்கவில்லை. அது சரியான முடிவு. பிள்ளையின் நுரையீரலுக்கு எல்லைக் கோடு தெரியாது.

குழுவினர் ஏகாக் என்று அழைக்கப்படும் வட்டார அரசுகளின் மன்றத்தின் காற்றுத் தரக் கூட்டத்துக்குப் போய்வந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பொதுமக்கள் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருந்தன என்று வந்து சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

செயற்குழுவில் இதைப் பேசும்போது ஓர் உறுப்பினர், "நம்ம வண்டியெல்லாம் புதுசு அண்ணே, சோதனையில நமக்கென்ன பிரச்சினை?" என்று கேட்டார். உண்மைதான். 2 முதல் 24 வயதுவரையான பெட்ரோல் வண்டிகளுக்குச் சோதனை, கட்டணம் 18.50 டாலர்வரை. நமக்கு அது பெரிய செலவில்லை. ஆனால் தெற்குப் பக்கத்தில் பழைய வண்டியில் இரண்டு வேலைக்குப் போய்வருபவருக்குச் சோதனையில் தவறினால் பழுதுபார்க்கக் காசு வேண்டும். ஹூஸ்டன், டல்லாஸ் பகுதிகளில் இப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஒரு மாநிலத் திட்டம் இருந்தது. 2017இல் ஆளுநர் அதற்கான நிதியை வெட்டியதும் அது படுத்துவிட்டது. நம் கவுண்டியில் சோதனை தொடங்குமுன் அதுபோன்ற உதவிக்கு வழிசெய்யக் கோரி கவுண்டி ஆணையர்களுக்கு எழுதிய கடிதம் தயாராக இருக்கிறது. இன்று பொதுக்குழு ஒப்புதல் தந்தால் அனுப்பிவிடுவோம்.

இன்னும் இரண்டு விஷயங்களுக்கு ஒப்புதல் கேட்கிறேன். மார்ச்சில் ஓசோன் பருவம் தொடங்குவதால், ஏகாக் கூட்டங்களுக்குச் சங்கத்தின் சார்பில் முறைவைத்துப் போக உறுப்பினர்கள் பெயர் தர வேண்டும். எச்சரிக்கை நாட்களில் பிற்பகல் வெளிவிளையாட்டை நிறுத்திவைக்கும்படி நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களிடம் பேச வேண்டும். பெயர் தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்