அடித்தது யார் என்று எழுதுங்கள்: குடும்ப வன்முறைப் புகார்களைப் பதிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

காவல் நிலையங்களிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் குழந்தைகள் நலத் துறையிலும் பணிபுரிகிறவர்களுக்கு, வணக்கம்.

ஒரு தாய் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதும் நாலு வரியைத்தான் பின்னால் நீதிபதி படிக்கப்போகிறார்.

நம் மொழியில் அடித்தவரை மறைப்பது சுலபம். ‘அடி வாங்கினாள்’ என்கிறோம். வாங்கியவள் இருக்கிறாள், கொடுத்தவரைக் காணோம். ‘கைகலப்பு’ என்று எழுதினால் இருவருமே அடித்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ‘கோபத்தில் கை நீண்டுவிட்டது’ என்றால் யாருமே அடிக்கவில்லை. யார், எதால், எங்கே, எத்தனை முறை, அப்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று எழுதுங்கள்: ‘கணவர் பெல்ட்டால் முதுகில் 3 முறை அடித்தார். மகள் அதே அறையில் விழித்திருந்தாள்.’

‘கழுத்தைப் பிடிச்சார்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா, குரல் கம்மியதா, விழுங்கும்போது வலிக்கிறதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேளுங்கள். நெரித்த கழுத்தில் வெளியே ஒரு தடமும் இல்லாமல், உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். கழுத்தை நெரித்தவர் பின்னர் கொலைவரை போகும் ஆபத்தும் அதிகம். ‘நெரித்தார்’ என்றே எழுதி, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

‘கணவர் அடிக்கிறாரா?’ என்று மட்டும் கேட்டால் அந்தத் தாய் ‘இல்லை’ என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். சம்பளம் யார் கைக்குப் போகிறது, போனை யார் பார்க்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ‘போறதுன்னா போ, பிள்ளையைக் கண்ணுல காட்டமாட்டேன்’ என்பது மிரட்டல். அதைக் ‘கருத்து வேறுபாடு’ ஆக்காமல், சொன்ன வார்த்தையிலேயே பதியுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் மன, பொருளாதாரத் துன்புறுத்தலையும் வன்முறை என்றே சொல்கிறது.

‘தாய் குழந்தைகளைப் பாதுகாக்கத் தவறினார்.’ கோப்புகளில் மிகவும் வேதனைப்படுத்தும் வரி இது. கணவரின் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார், அடி தன்மேல் விழட்டும் என்று குறுக்கே நின்றிருப்பார். கேட்டால்தானே தெரியும்?

மொழி தெரியாத தாய்க்கு அவர் பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளையின் வாயால் வரக்கூடாது என்றே அவர் பாதியை விழுங்கிவிடுவார். உறவினர் வழியாகச் செய்தி கணவருக்குப் போகும்.

எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ‘பிடிச்சார்னு இல்லீங்க, நெரிச்சார்’ என்று அவர் திருத்தினால், திருத்தி எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.