கழுத்தையும் முதுகையும் தனித்தனியே கேட்டறிந்தவர்களுக்கு

அன்புடையீர்,

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்னும் மூட்டு நோயோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் எனக்குப் பிடரியிலும் முதுகிலும் புதிதாக வந்த வலிகளின் காரணத்தைக் கண்டறிந்து, தக்க மருத்துவம் கிடைக்கச் செய்து, மறுபடியும் தனியாகப் பேருந்து ஏறும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்த அனைவருக்கும் இந்த மடல் வழியாக நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஒருவருக்கு வாதம் என்று பெயர் எழுதிவிட்டால், அதன்பின் வரும் எல்லா வலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாதக்காரிக்கு வலிக்கத்தானே செய்யும் என்று சொல்லி அனுப்பிவிடாமல், எந்த இடம் வலிக்கிறது, எந்த நேரத்தில் வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்களுள் பலர் தம் பெயர் வெளிவருவதை விரும்பாதவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நன்றி எங்கள் பகுதி வர்ம ஆசானுக்கு உரியது. பிடரியில் தொடங்கித் தலையின் பின்பக்கம் ஏறிய வலிக்கு எண்ணெய் போட்டுத் தடவி, கழுத்தை ஒரு திருப்புத் திருப்பிவிட்டால் சரியாகும் என்று மைனி (மதினி) வற்புறுத்தியதால் அவரிடம் போனோம். அவர் கழுத்தைப் பார்க்கவே இல்லை; என் கை இரண்டையும் விரித்து வைக்கச் சொல்லி, விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதையும் மணிக்கட்டின் வீக்கத்தையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "டீச்சருக்க கழுத்துல நான் கை வைக்க மாட்டேன். மெடிக்கல் காலேஜுல போயி படம் எடுத்துப் பாருங்க, அதுதான் நல்லது" என்றார். தட்சிணையும் வாங்கவில்லை. குமரி மாவட்டத்தில் ஆசான்மாருக்குக் குறைவில்லை. கேட்ட உடனே கழுத்தை முறுக்கிவிடுகிறவர்களும் அவர்களுக்குள் உண்டு. தொடக்கூடாத இடம் எது என்று அறிந்திருந்த இவரிடம் போய்ச் சேர்ந்தது என் நல்லூழ் என்றே சொல்வேன்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் அம்மாவுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்ற காலை வேளையிலும், அவர் ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். முடக்குவாதம் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய். முதுகெலும்பில் அது பெரும்பாலும் கழுத்துப் பகுதியைத்தான், அதிலும் மண்டையோட்டுக்குக் கீழேயுள்ள முதல் இரண்டு எலும்புகளைத்தான் குறிவைக்கும். மோதிரத்துக்குள் விரல் இருப்பதுபோல முதல் எலும்பின் வளையத்துக்குள் இரண்டாம் எலும்பின் முளை நிற்கிறது. அந்த முளையை முன்பக்கமாக இறுக்கிப் பிடித்திருக்கும் தசைநாரை நீண்டநாள் அழற்சி நைந்துபோகச் செய்துவிட்டால், தலை குனியும்போது வளையம் முன்னே நழுவும். முளைக்குப் பின்னால் இருப்பதோ தண்டுவடம். இவ்வளவையும் கேட்ட பிறகுதான் ஆசான் ஏன் கையை எடுத்துக்கொண்டார் என்பது மைனிக்கும் விளங்கியது.

எக்ஸ்ரே அறையில் பணிபுரியும் தங்கைக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். கழுத்தை நேராக வைத்து எடுக்கும் படத்தில் இந்த நழுவல் மறைந்துபோகக்கூடும் என்பதால், குனிந்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் பக்கவாட்டுப் படங்கள் எடுக்கவேண்டியிருந்தது. அவர் என் தலையைத் தொடவே இல்லை. "நீங்களே மெல்லக் குனியுங்க அம்மா, கையில கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்தா உடனே நிறுத்திருங்க" என்று சொல்லி, நான் குனிந்து முடிக்கும்வரை காத்திருந்து எடுத்தார். வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் நடுவே, வளர்ந்தவர்களுக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய இடைவெளி, எனக்குக் குனிந்த படத்தில் 5 மில்லிமீட்டராக இருந்தது. பின்பக்கம் தண்டுவடத்துக்கான இடம் 14 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்ததாலும், எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடம் நசுங்கவில்லை என்று தெரிந்ததாலும், அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், குறித்த காலத்தில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடிவாயிற்று. நடை தள்ளாடினாலோ, ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல் வராமல் போனாலோ, குனிகையில் மின்சாரம் பாய்வதுபோல் முதுகில் இறங்கினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒருநாளும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்த தாள் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

நடுமுதுகின் வலி வேறு வகையானது. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றிய வேளையில் சுள்ளென்று பிடித்தது. நின்றால் கூடியது, படுத்தால் குறைந்தது. மூட்டுவலியோ காலையில் விறைத்து, நடமாட நடமாட இளகுவது. மருத்துவர் முள்ளந்தண்டின் வழியே விரலால் தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நான் துடித்ததும் நிறுத்தி, "இப்பல்லாம் சேலை தரையில இழுபடுதா?" என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. சில மாதங்களாகவே கொசுவத்தை ஏற்றிச் செருகித்தான் கட்டி வந்தேன். முள்ளெலும்பு ஒன்று அமுங்கியிருந்ததால் உயரம் குறைந்திருக்கிறது. நோய் கடுமையாக இருந்த காலத்தில் தேவைப்பட்டுத் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளும், மாதவிடாய் நின்ற வயதும், முடக்குவாதமும் சேர்ந்து எலும்பின் அடர்த்தியைக் குறைத்துவிட்டன என்பது பின்னர் எடுத்த அடர்த்திச் சோதனையில் உறுதியானது. எலும்புப்புரை (அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் நொறுங்கும் நிலை) என்று கொள்ளும் எல்லையான மைனஸ் 2.5-க்கும் கீழே இருந்தது அந்தச் சோதனையில் என் டி-ஸ்கோர் அளவு. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று எச்சரித்துப் படிப்படியாகக் குறைத்ததும், சிறுநீரகத்தையும் இரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தையும் பல்லையும் சோதித்த பின்னரே எலும்பை வலுப்படுத்த ஆண்டுக்கொருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமில மருந்தைத் தொடங்கியதும் அவருடைய நிதானத்துக்குச் சான்று.

என் தங்கை மகனுடைய காலை நேர இடுப்பு விறைப்பைப் பேச்சுவாக்கில் சொன்னபோதும் அவர் காதில் போட்டுக்கொண்டார். இளவயதில் மாதக்கணக்கில் நீடித்து, ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் இடுப்புவலி முடக்குவாதத்தின் போக்கு அன்று, அது முதுகெலும்பு மூட்டழற்சி என்னும் வேறொரு நோயாக இருக்கலாம், அழைத்து வாருங்கள் என்றார். அவனுக்கும் இப்போது அங்கேயே மருத்துவம் நடக்கிறது.

மருந்து கொடுக்கும் இடத்தில் இருக்கும் தம்பியை மறக்க இயலாது. முடக்குவாதத்துக்கு நான் உண்ணும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டும் உண்ணவேண்டிய மருந்து. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் உறையின்மேல் சிவப்பு மையால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி, என்னை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் அவர் உறையைக் கையில் தருவார். தலைமையாசிரியையாக ஓய்வுபெற்ற என்னைப் பாடம் ஒப்பிக்கவைத்தவர் அவர் ஒருவரே.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்த இயன்முறை மருத்துவர், முன்பக்கம் குனியும் பயிற்சியும் கழுத்தை இழுக்கும் பயிற்சியும் எனக்கு ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, படுக்கையிலிருந்து ஒருக்களித்துத் திரும்பி, காலை இறக்கி, முழங்கையை ஊன்றி எழுவதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். அடுக்களையில் தரையோடு இருந்த அரிசிப் பானையை மேடைக்கு ஏற்றியவரும் அவரே.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் காலைப் பேருந்தின் நடத்துநர், கழுத்துப்பட்டையோடு ஏறும் என்னைப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்காரவிட்டதே இல்லை; நடுவில் இடம் பிடித்துக் கொடுப்பார். வில்லுக்குறிக்கும் சுங்கான்கடைக்கும் இடையில் வேகத்தடை வரும்போதெல்லாம் ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பதும் உண்டு. உடன் வந்து வரிசையில் நின்ற மைனிக்கும், நாங்கள் திரும்பும்வரை வீட்டில் சோறு பொங்கிவைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இறுதியாக, சென்ற ஆண்டு பித்தப்பை அறுவைக்காக நாகர்கோவிலில் சேர்ந்தபோது எனக்கு மயக்கம் கொடுத்த மருத்துவருக்கு. 'மேல்கழுத்து மூட்டு நழுவல், கழுத்தை வளைக்க வேண்டாம்' என்று ஆசாரிபள்ளத்தில் எழுதித் தந்த சீட்டை அவர் முழுவதும் படித்து, குனிந்த, நிமிர்ந்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்து, கழுத்தை நேராகவே வைத்து, கேமரா பொருத்திய கருவியின் துணையோடு மூச்சுக்கான குழாயைத் தொண்டை வழியே செருகினார். அந்தச் சீட்டின் படிகள் இப்போது என் கைப்பையிலும், மைனியிடமும், தங்கை மகனின் கைப்பேசியிலும் இருக்கின்றன; எங்கள் ஊரில் முடக்குவாதத்துக்கு மருந்து உண்ணும் மற்ற இருவரும் தத்தம் மருத்துவரிடம் கழுத்தைச் சோதிக்கக் கேட்டிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.