கேமராவைத் திட்டும் முன் டெலஸ்கோப்பைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

செங்கோட்டை, புனலூர் போன்ற எல்லை ஊர்களிலும் இன்று லேப்ராஸ்கோப் அறுவை (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்வது) சாதாரணம். திரையில் படம் மங்கினால் பழி கேமராமேல்தான் விழுகிறது. பல நேரம் குறை, கேமராவோடு மாட்டி வயிற்றுக்குள் விடும் லென்ஸ் குழாயான டெலஸ்கோப்பில்.

கழுவி, பொதியுமுன் இரண்டு நிமிடம் போதும். 5 செ.மீ. தள்ளி அச்செழுத்தை வைத்து, கண் வைக்கும் முனை வழியே பார்த்தபடி குழாயை மெல்லச் சுழற்றுங்கள். ஓரத்தில் பிறைபோல் கறுப்பு விழுந்தால் குழாய் நெளிந்திருக்கிறது. மங்கல் என்றால் 70% ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் இரு முனைக் கண்ணாடியையும் துடையுங்கள். அப்படியும் போகாவிட்டால் சீல் விட்டு ஈரம் உள்ளே புகுந்துவிட்டது, ரிப்பேருக்குத்தான் அனுப்ப வேண்டும். அடுத்து வயிற்றுக்குள் போகும் நுனியை ட்யூப்லைட்டுக்குக் காட்டி, லைட் கேபிள் மாட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே தெரியும் கரும்புள்ளிகள் ஒடிந்த ஃபைபர்கள் (ஒளி கடத்தும் இழைகள்).

ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) எடுத்த சூட்டோடு தண்ணீரில் முக்குவதே பெருங்கேடு: உலோகமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கி ஒட்டு விட்டுவிடும். (அவசரம் என்பார்கள்; புது டெலஸ்கோப் விலை கேட்டால் அவசரம் பறந்துவிடும்.) கத்தரி, கிளாம்ப்புகளோடு ஒரே தட்டில் போடுவதும் கூடாது.

ஸ்டெரிலைசேஷன் பதிவேட்டில் இந்தச் சோதனைக்கும் ஒரு கட்டம் போட மருத்துவமனைகள் முன்வர வேண்டும்.

அறுவை அரங்கத் தொழில்நுட்பர்கள்,
செங்கோட்டை