பதினோரு பெருமூச்சு

அன்புள்ள சேகர்,

நலம். உன் சிறுகதைத் தொகுப்புக்கு முன்னுரை கேட்டு விடாமல் போன் போடுகிறவன் நலமாகத்தான் இருப்பாய். முன்னுரை அப்புறம், முதலில் கதைகள்.

ஒன்பதும் தனித்தனியாகப் படித்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் படித்தால் மாட்டிக்கொள்கிறாய். ஏழு கதை மழையில் தொடங்குகிறது. ஆறு கதை யாரோ ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதோடு முடிகிறது. பெருமூச்சு மட்டும் பதினொன்று! ஆட்கள் ரகு, ரவி, ராஜா, ரமணன். டீக்கடை நாயர் பார்த்தால் நாலு பேருக்கும் ஒரே கணக்கு எழுதிவிடுவார். பத்திரிகையில் ஒவ்வொன்றாக வந்தபோது தெரியவில்லை, தொகுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு கதையின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் ஒரே தாளில் எழுது. பக்கத்தில் யார் சொல்கிறார்கள், எத்தனை நாளில் நடக்கிறது, ஃபிளாஷ்பேக் எங்கே என்று குறி. உனக்கு அது எப்போதும் இரண்டாம் பக்கக் கடைசியில், யாராவது காபி ஆற்றும்போது வருகிறது. பிறகு வேர்டில் 'பெருமூச்' என்று தேடு. முழுச் சொல்லையும் அடித்தால் 'பெருமூச்செறிந்தாள்' சிக்காது. 'மௌன', 'மவுன' இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

சிக்கியதையெல்லாம் அடித்துவிட்டு 'உதட்டைக் கடித்தாள்' என்று போட்டுவிடாதே, அடுத்த தொகுப்பில் அது பதினொன்றாகும். கைக்கு வேலை கொடு. லேத் பட்டறைக் கதையில் பதினாலு பக்கமும் அந்த ஆள் லேத்தைத் தொடவே இல்லையடா! மனசு சரியில்லாதவன், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் அதை முறுக்கும் சாவியை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரைப் போடப் போகட்டும். அது தெறித்தால் எதிரே நிற்பவன் மண்டை போகும். ஹெல்பர் பையன் போடுகிற கத்தலே போதும், பெருமூச்சு எதற்கு?

ஊரை மாற்றச் சொல்லவில்லை. அசோகமித்திரன் செகந்திராபாத்தை விடவே இல்லை, யாருக்குச் சலித்தது? சொல்கிற விதம்தான் பிரச்சினை. சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களைப் பார்: 1966இல் ஒரு புளியமரம், 1981இல் ஒரு எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகள், 1998இல் கோட்டயத்தில் ஒரு குடும்பம். ஒன்றின் அச்சில் இன்னொன்று இல்லை. நடுவில் அத்தனை வருஷம் பொறுக்க உன்னால் ஆகாது, தெரியும்.

இன்னொன்று. மூன்று கதையில் அப்பா ஆஸ்பத்திரியில் சாகிறார், மூன்றிலும் மகன் வெளியே டீக்கடையில் இருக்கிறான். ஒருதடவை அவனை வார்டுக்குள் அனுப்பு. கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அனுப்பாதவரை அந்த டீக்கடை ஒவ்வொரு கதையிலும் வரும்.

நாலு, ஆறு, எட்டு மூன்றையும் எடுத்துவிடு. மீதி ஆறையும் திருத்தி அனுப்பு, முன்னுரை தருகிறேன். வாத்தியாரிடம் இதைக் காட்டாதே, அவருக்கும் ஜன்னல் பிடிக்கும்.

அன்புடன்,
மூர்த்தி